ராணுவத்துக்குக் கொண்டுபோன இரண்டு பெட்டிகள்

கடிதம் எனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்று இருபது நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன். தொழிலுக்கு வந்த பிறகு நான் முழுச் சந்தோஷத்தோடு இருந்தது அந்த இருபது நாட்கள்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பேட்டையில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை இருந்தது. கிணற்று மோட்டார்களுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிக் கொடுப்பதுதான் வேலை. என்னோடு நாலு பேர். ஆற்றில் தண்ணீர் குறைந்து, கரண்டும் இறங்கி ஏறும் மாதங்களில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை மோட்டார்கள் புகைந்து எங்கள் வாசலுக்கு வரும். மற்ற மாதங்களில் கை சும்மா இருக்காது. அப்படிச் செய்ததுதான் அந்தச் சின்ன ஜெனரேட்டர். கைப்பிடியைச் சுற்றினால் பேட்டரி சார்ஜ் ஆகும். கரண்ட் இன்னும் எட்டாத ஊர்களில் விற்றுவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றுகூட விற்கவில்லை.

மதுரையில் நடந்த ஒரு சிறுதொழில் கண்காட்சியில் அதை மேசைமேல் வைத்திருந்தேன். தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒருவர் வந்து கைப்பிடியைப் பத்து நிமிஷம் சுற்றிப் பார்த்தார். முகவரி கேட்டு எழுதிக்கொண்டு போனார். நாலு மாதம் கழித்து அந்தக் கடிதம் வந்தது.

ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவு ஒன்று மழைக்காலத்தில் மணிமுத்தாற்றிலும் மாஞ்சோலை மலையிலும் ஐந்து நாள் முகாம் போடுகிறது. வெளிக் கம்பெனிகள் தாங்கள் செய்த சாமான்களைக் கொண்டுவரலாம். சிப்பாய்களே அவற்றைக் காட்டில் வைத்துப் பயன்படுத்திப் பார்த்துத் தங்கள் அபிப்பிராயத்தை எழுதுவார்கள். இது கொள்முதல் அல்ல. போக்குவரத்துச் செலவு கம்பெனியைச் சேர்ந்தது.

என் மனைவி டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தாள். எதையும் கடைசி வரி வரை படிக்கிறவள். கடிதத்தைப் படித்துவிட்டு, “வாங்க மாட்டோம்னு தெளிவா போட்டிருக்காவளே, பெறகு எதுக்கு இப்பிடித் துள்ளுதிய?” என்றாள்.

நான் துள்ளத்தான் செய்தேன். முடி வெட்டப் போன இடத்தில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்த விவசாயிகளிடம் சொன்னேன். ‘ராணுவத்துல இருந்து கூப்பிட்டிருக்காவ’ என்று சொல்லும்போது வாயில் ஒரு ருசி இருந்தது.

புறப்படுகிற அன்று காலை ஜங்ஷன் பஸ் நிலையத்தில் பாபநாசம் பஸ்ஸுக்காக நின்றேன். காலடியில் என் மரப்பெட்டி. நாலடி தள்ளி இன்னொரு பெட்டி இருந்தது. சாக்கு சுற்றிக் கயிறு கட்டிய நீளப் பெட்டி. அதன்மேல் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தவன் என்னோடு மூன்று வருஷம் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்தவன்.

“ஏலே, நீயுமா?” என்று எழுந்து வந்து தோளைக் கட்டிக்கொண்டான். “முதல்லயே தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் சேந்து ஒரு வேன் பிடிச்சிருக்கலாம்லா.”

அவன் குரலில் சந்தோஷத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. நான் என் பெட்டியைக் காலால் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அவனுக்கு மேலப்பாளையம். படிப்பு முடிந்ததும் சவுதிக்குப் போய் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து இரும்புப் பட்டறை போட்டிருந்தான். ஜன்னல் கம்பி, இரும்புக் கேட், சோடா வண்டி. கேட் அடிக்கிறவனை ராணுவம் எதற்குக் கூப்பிட வேண்டும்? அதைக் கேட்கவும் செய்தேன், கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில்.

“பேட்டரி சார்ஜ் பண்ணுத மிஷினு செய்யுதேன்னு சிறுதொழில் ஆபீசுல எழுதிக் குடுத்திருந்தேன். காலால மிதிக்கது,” என்றான்.

நானும் அதைத்தான் கொண்டுபோகிறேன் என்று சொல்லவில்லை. அம்பாசமுத்திரம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே நெல்வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவன் தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

மணிமுத்தாறு அணைக்குப் பக்கத்துப் பொட்டலில் பச்சைக் கூடாரங்கள் வரிசையாக நின்றன. எங்களைப்போல வந்தவர்கள் எட்டுக் கம்பெனி. கோயம்புத்தூர், பெங்களூர், ஹைதராபாத் என்று பெரிய ஊர்க்காரர்கள். மடக்கி நீட்டும் ஏரியல் கம்பம், தண்ணீர் வடிகட்டி, வயர்லெஸ் செட்டுக்கு நனையாத உறை என்று ஆளுக்கு ஒன்று. அவர்களில் பலர் டை கட்டியிருந்தார்கள். எங்கள் இருவரிடம்தான் பேட்டரி சார்ஜர்.

பொறுப்பிலிருந்த மேஜர் வடநாட்டுக்காரர். அவர் இந்தியில் சொன்னதை, நாங்குநேரிப் பக்கத்துக்காரரான ஒரு ஹவில்தார் எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

“அண்ணாச்சி, காலைல உங்க சாமானை எங்க ஆளுங்க எடுத்துட்டுப் போவாவ. நீங்க பின்னால வந்து பாக்கலாம். கூப்பிடாம யாரும் கை வைக்கப்பிடாது. ஒடஞ்சாலும் வைக்கப்பிடாது. ஒடஞ்சா ஒடஞ்சதுன்னு எழுதணும். அதுக்குத்தான் இது.”

என் நண்பனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சவுதியில் வடநாட்டு ஆட்களோடு ஒரே அறையில் இருந்ததில் இந்தி சரளமாக வந்தது. முதல் நாள் மத்தியானத்துக்குள் சமையல் கூடாரத்தில் உட்கார்ந்து சிப்பாய்களோடு சப்பாத்தி உருட்டிக்கொண்டிருந்தான். அவன் என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டோடு நின்றேன். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்றுகூடத் தோன்றியது. அப்படி இல்லை என்பது எனக்கே தெரியும்.

சாக்கைப் பிரித்தபோது அவன் மிஷினைப் பார்த்தேன். பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. அவ்வளவு அசிங்கம். சைக்கிள் பைப்பை வளைத்து, இரண்டு பெடல் வைத்து, நடுவில் ஒரு ஜெனரேட்டரை மாட்டியிருந்தான். உட்கார ஒரு கித்தான் துண்டு. பச்சைப் பெயின்ட் சரியாகக்கூடக் காயவில்லை. என்னுடையது அலுமினிய வார்ப்பு, ஒரு கையில் தூக்கிவிடலாம். உள்ளே இருந்த காயிலை நானே என் கையால் ஒவ்வொரு சுற்றாக எண்ணிக் கட்டியிருந்தேன். முதல் இரண்டு நாளும் இரண்டுக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். என் மீட்டரின் முள் அவனுடையதற்கு நன்றாக மேலே நின்றது. அந்த இரண்டு நாளும் நான் அவனிடம் மிகவும் அன்பாகப் பேசினேன்.

மூன்றாம் நாள் எங்களை லாரியில் ஏற்றி மாஞ்சோலைப் பாதையில் மேலே கொண்டுபோனார்கள். தேயிலைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், காட்டு ஓரத்தில் முகாம். மழை விடாமல் பெய்தது. என் மிஷினை ஒரு மரத்தில் இறுக்கிக் கட்டி, ஒரு சிப்பாய் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் வயர்லெஸ்ஸில் பேசினார். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பிறகு ஹவில்தார் என் நண்பனின் மிஷினில் உட்கார்ந்தார். முதுகை மரத்தில் சாய்த்துக்கொண்டு பெடலை மிதித்தார். மிதித்துக்கொண்டே ரிசீவரைக் காதில் வைத்துப் பேசினார். பேசிக்கொண்டே, வந்த செய்தியைத் தொடைமேல் வைத்துப் பென்சிலால் எழுதினார்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. என் மிஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். அவனுடையதற்கு ஒரு ஆள் போதும்.

மேஜர் அருகில் வந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே ஹவில்தாரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்து மிதித்தார். டை கட்டியவர்கள்கூடக் குடையோடு ஓடிவந்தார்கள். என் மிஷின் பக்கத்தில் நான் ஒருத்தன்தான் நின்றேன்.

டீ குடிக்கும்போது அவனிடம் கேட்டேன், “இந்த யோசன ஒனக்கு எங்கன இருந்துடே வந்துச்சு?”

“பாளையங்கோட்டைல ஒரு பழைய பட்டாளத்துக்காரரு வீட்டுக்குக் கேட் போடப் போனேன். கடுதாசி வந்துருக்குன்னு சொல்லி, காட்டுல எது பெரிய கஷ்டம்னு கேட்டேன். ஆளு பத்தாதுவே, அதுதான் கஷ்டம்னாரு. அதான் கைய விட்டுட்டுக் காலுக்குப் போயிட்டேன்.” சொல்லிவிட்டு டீயை ஊதினான். அவ்வளவுதான் அவனுக்கு. நான் ஒரு வருஷமாகக் காயிலுக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சாமான்களைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்தார்கள். என்னுடையதைத் துடைத்து வைக்கலாம் என்று போனேன். பக்கத்தில் அவனுடையது. பெடல் அச்சு பைப்போடு சேரும் இடத்தில், வெல்டிங்குக்குக் கொஞ்சம் கீழே, மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட் கீறல் என்றுதான் நினைத்தேன். நகத்தால் தடவினேன். நகம் மாட்டியது. கீறல் இல்லை, வெடிப்பு.

இன்னும் இரண்டு மணி நேரம் மிதித்தால் அது விட்டுவிடும் என்று தெரிந்தது. மிதிக்கிறவர் காலில் பைப் முனை குத்தும் என்றும் தெரிந்தது. இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கே ஒழுங்காக எழுதிவிட வேண்டும். சாக்கை இழுத்து அதன்மேல் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சாப்பாட்டு வரிசையில் அவன் எனக்கும் சேர்த்துத் தட்டு எடுத்து வைத்திருந்தான். “ஏன்டே ஒரு மாதிரியா இருக்க? குளுருதா?” என்று கேட்டு ஊறுகாயை என் பக்கம் தள்ளினான். ஆமாம், குளிருகிறது என்றேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மிஷின்களை எடுக்க வந்தபோது அவன் மேஜருக்கு முன்னால் நின்று பைப்பில் விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். எனக்கு இந்தி தெரியாது. விரல் இருந்த இடம் தெரிந்தது.

ஹவில்தார் என்னிடம் வந்து, “அண்ணாச்சி, உங்க ஊர்க்காரரு சரியான ஆளு. அவரே வெடிப்பைக் கண்டுபிடிச்சு, இதுல இன்னைக்கு ஆளு ஒக்காரப்பிடாதுங்காரு. எந்தக் கம்பெனிக்காரன் இப்பிடிச் சொல்லுவான்?” என்றார்.

மேஜர் அவனுக்கு மத்தியானம் வரை நேரம் கொடுத்தார். இங்கேயே சரிசெய்ய முடிகிறதா என்று பார்ப்பதும் சோதனைதான் என்றாராம். வெடிப்பு தெரிந்ததால் அவன் மதிப்பு ஏறத்தான் செய்தது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அவன் நேரே என்னிடம் வந்தான். “ஒன்கிட்ட கை டிரில் இருக்கும்லா? ஒரு இரும்புப் பட்டி வச்சு, தொள போட்டு ரெண்டு போல்ட் மாட்டிருதேன்.”

“பிட்டு ஒடிஞ்சிட்டுடே,” என்றேன்.

துளை போடும் பிட்டுகள் மூன்று எண்ணெய்த் துணியில் சுற்றி என் பெட்டிக்குள் இருந்தன. அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். “சரி” என்றான். பைப்பைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அந்த மழையில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்து நடந்தான். போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம். அங்கே இருந்த ஃபிட்டர் வெல்டிங் வைத்துக் கொடுத்தாராம். திரும்பி வரும்போது அவன் கெண்டைக்காலில் அட்டை கடித்த இடங்களிலிருந்து ரத்தம் வழிந்து செருப்பு வரை இறங்கியிருந்தது. சிப்பாய்கள் ஓடிவந்து உப்பு வைத்தார்கள். எனக்கு அந்த அட்டைக்கடியின்மேல்கூடப் பொறாமை வந்தது. இதைப் படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் வந்தது.

கடைசி நாள் எல்லோரையும் ஒரு கூடாரத்தில் உட்காரவைத்து, சிப்பாய்கள் எழுதியதை மேஜர் படித்தார். என்னுடையதற்கு, ‘நல்ல கரண்ட் தருகிறது. ஈரத்தில் கைப்பிடி வழுக்குகிறது. இரண்டு ஆள் தேவை.’ அவனுடையதை அடுத்த சோதனைக்கு, குளிர்காலத்தில் வடக்கே பனி பெய்யும் இடத்துக்குக் கூப்பிட்டார்கள். அதன்பிறகு மேஜர் எங்கள் இருவரையும் நிற்கச் சொல்லி ஏதோ கேட்டார். ஹவில்தார் மொழிபெயர்த்தார்.

“அவரு சட்டம் நல்லா இருக்கு, இவரு காயிலு நல்லா இருக்கு. ஒரே ஊரு. பெறகு ஏன் ரெண்டு பெட்டில கொண்டு வந்தியன்னு கேக்காவ.”

எல்லோரும் சிரித்தார்கள். என் நண்பனும் சிரித்தான். கீழே இறங்கும் பஸ்ஸில் அதையே பிடித்துக்கொண்டான். “நெசமாத்தாம்லே. ஒன் காயிலை என் சட்டத்துல மாட்டி ரெண்டு பேரும் போவோமா? ரெண்டு கம்பெனி பேரும் போட்டுருவோம்.”

“யோசிச்சுச் சொல்லுதேன்,” என்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். அவனுடைய மிஷினுக்குள் ஒரு சாமானாகப் போய் உட்கார மனசு இடம் கொடுக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் டிரில் விஷயத்தை விட்டுவிட்டுச் சொன்னேன். இந்தி பேசியே காரியம் சாதித்துவிட்டான் என்றேன். ஒரு பட்டாளத்துக்காரர் சொன்னதைக் கேட்டுச் செய்தது, சொந்த யோசனை இல்லை என்றேன்.

“அவரு போய்க் கேட்டாரு. நீங்க கேக்கல. அவ்வளவுதான,” என்றாள்.

அந்தக் கோபத்தில்தான் டிரில் விஷயமும் வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வேலைக்குக் கிளம்பினாள். இரண்டு நாள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள்.

சேர்ந்து செய்ய முடியாது என்று அவனுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன். நேரில் போகவில்லை. மூன்று வாரம் கழித்து அவனே பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு ஆர்மெச்சூர். ஜெனரேட்டருக்குள் சுற்றும் பாகம்.

“இதுக்குக் காயில் கட்டித் தரணும். கூட்டு எல்லாம் வேண்டாம்டே. எல்லாருக்கும் கட்டிக் குடுக்க மாதிரி எனக்கும் கட்டு. ஒன் ரேட்டு என்னமோ அத வாங்கிக்க.”

பேசும்போது அவன் பார்வை சுவரில் மாட்டியிருந்த கை டிரில்மேல் போய் நின்றது. அதன் வாயில் பிட் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் ஆர்மெச்சூரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எப்ப வரட்டும்?” என்றான்.

“வியாழக்கிழம வா.”

அந்த ஆர்மெச்சூரை யாரிடமும் கொடுக்காமல் நானே கட்டினேன். முதல் நாள் அதைத் தொடும்போதே ஒரு எண்ணம் வந்தது. உள்சுற்றில் வார்னிஷ் கொஞ்சம் குறைத்துப் பூசினால் போதும். இங்கே ஓடும். அங்கே பனியில் ஈரம் இறங்கி நின்றுவிடும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த எண்ணத்தை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்க வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு வேறொன்று தோன்றியது. வடக்கே யாராவது இதைப் பிரித்துப் பார்த்தால், காயில் கட்டினவன் யார் என்று கேட்கவேண்டும். கேட்டே தீரவேண்டும். அந்த வீம்பில்தான் கட்டினேன். என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக நான் எதையும் கட்டியதில்லை. நல்ல மனசோடு செய்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அவன் தை மாதம் வடக்கே போனான். ஒரு மாதம் தகவல் இல்லை. மேலப்பாளையத்திலிருந்து யார் மோட்டார் கொண்டுவந்தாலும் அவனைப் பற்றி விசாரித்தேன். ஆர்டர் கிடைத்துவிட்டதாம், பெரிய கட்டடம் கட்டப்போகிறானாம் என்று ஒருவர் சொன்னார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அவனே வந்தான். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மிஷின் நல்லா ஓடுச்சுடே. ஒரு நாளும் நிக்கல. ஆனா வேலை இல்ல,” என்றான். “புது வயர்லெஸ் செட்டு வருதாம். அதுக்கு வேற பேட்டரியாம். காடு மலைல வச்சு சார்ஜே பண்ண வேண்டாமாம். அங்கயும் நம்ம மேஜருதான், ரொம்ப வருத்தப்பட்டுத்தான் சொன்னாரு.”

எழுதுவதற்கு எனக்கு மிகவும் கஷ்டமான இடம் இதுதான். அவன் சொல்லி முடித்ததும் என் நெஞ்சுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் வந்தது. எத்தனையோ மாதமாகக் காலை இறுக்கிய செருப்பைக் கழற்றின மாதிரி இருந்தது. அவன் அதைப் பார்த்திருப்பான். என் முகம் எதையும் மறைக்காது என்று என் மனைவி சொல்வாள்.

அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எப்போதும் பேசுகிறவன் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவன் தோளைப் பார்க்கப் பார்க்க, வந்த சந்தோஷம் ருசி கெட்டுப் போனது. பட்டறை ஆளிடம் டீ வாங்கிவரச் சொன்னேன். டீ வந்தது. குடித்தோம்.

“பிட்டு ஒடியல,” என்றேன்.

“தெரியும்லே,” என்றான். “நீ குடுத்திருந்தா எனக்கு அந்த அட்ட கடிச்சிருக்காது.” கொஞ்சம் சிரித்தான். மன்னித்தேன் என்றெல்லாம் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் பட்டறையில் செய்த, வயலுக்கு மருந்து தெளிக்கும் மிஷின்களுக்கு மோட்டார் வேலை எல்லாம் என்னிடம்தான் வந்தது. பழகிக்கொண்டோம். அன்று டீ குடித்துவிட்டு அவன் புறப்படும்போது, சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். வடக்கே ஒரு சிப்பாய் அபிப்பிராயத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதியது. மேஜர் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாராம். இந்தியில் இருந்தது. எனக்காக வரி வரியாகத் தமிழில் சொன்னான்.

‘இதை மிதித்தபோது கால் உறையவில்லை. கை இரண்டும் சும்மா இருந்தன. அதனால் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதி முடித்தேன்.’

இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். சொன்னான். அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பென்சில் எழுத்து ஈரத்தில் கொஞ்சம் கலைந்திருந்தது. காயிலைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. திருப்பிக் கொடுக்க மனசில்லாமல்தான் கொடுத்தேன். அவன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு போனான்.